மூடிய கதவுக்குள் ஒலிக்கும் கிற்றார்
குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் படைத்த சில பழைய, புதிய இசைத்தொகுப்புகள்

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு மூடிய கதவு உண்டு. அக்கதவுக்கு அப்பால் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று இசை கேட்டுக்கொண்டிருக்கிறது. இப்பால் நிற்கும் தாய்க்கும் தந்தைக்கும் அது வெறும் இரைச்சலாகவே படுகிறது. என்ன பாட்டு என்று வினவினால் ‘இன்டி’ என்று ஒற்றைச் சொல்லில் விடை வருகிறது. ‘ஹிந்திப் பாட்டாக்கும்’ என்று மனம் ஆறிக்கொண்ட அம்மம்மாமாரும் எம்மிடையே உளர்.

இது ஹிந்தியும் அன்று, இந்தியாவும் அன்று. ‘இன்டிபென்டன்ற்’, அதாவது சுயாதீனம் என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே ‘இன்டி’. பெரும் இசைக் கம்பனிகளின் பணத்தையும் விநியோகத்தையும் நம்பியிராது, சிறு நிறுவனங்களின் வழியாகவோ சொந்தக் கைப்பணத்திலோ வெளியிடப்படும் கிற்றார் இசையே ‘இன்டி றொக்’ எனப்படுகிறது.

நாம் இவ்விசையை ஆய்வாளராக அன்றி இரசிகராகவே நீண்ட காலமாகக் கேட்டு வருகிறோம். ஆகவே, இங்கே சொல்லப்படுவன ஓர் இரசிகரின் விருப்பு வெறுப்புகளே. எனினும் எமது தெரிவுக்கு ஒரு நியாயம் உண்டு. கீழே குறிப்பிடப்படும் கலைஞரிற் பெரும்பாலோர் எமது பிள்ளைகளைப் போலவே குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள். பெற்றோரின் ஊரையும் மொழியையும் அவர்கள் தமது இசையில் எங்கே வைத்தார்கள் என்பதே எமது கேள்வி. பழைய தொகுப்புகள் அவற்றை உள்ளே ஒளித்து வைத்தன. புதியவையோ முன்வாசலில் வைக்கின்றன என்பது எமது துணிபு.

ஆயிரம் பிரதிகளில் தொடங்கிய கதை

1976ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில், இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரில், பஸ்கொக்ஸ் என்னும் குழுவினர் சில மணித்தியாலங்களுள் நான்கு பாடல்களை ஒலிப்பதிவு செய்தனர். குடும்பத்தவரிடமும் நண்பரிடமும் கடனாகப் பெற்ற 500 பவுண்களே அவர்களின் மூலதனம். 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்கிறாச்’ என்னும் பெயரில், தாமே தொடங்கிய ‘நியூ ஹோர்மோன்ஸ்’ நிறுவனத்தின் மூலம், 1000 பிரதிகள் வெளியிட்டனர். அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. மறுபடி மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. இலண்டனுக்குப் போய்ப் பெரிய கம்பனிகளின் வாசலிற் காத்து நிற்காமலே ஓர் இசைத்தட்டை வெளியிடலாம் என்பதை அந்தச் சிறு தட்டு பலருக்குக் காட்டிக் கொடுத்தது.

அதே காலத்தில், 1976இல், மேற்கு இலண்டனில் ஜெஃப் ட்ராவிஸ் என்பவர் ‘றஃப் ட்ரேட்’ என்னும் இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். 1978இல் அக்கடையே ஒரு வெளியீட்டு நிறுவனமுமாயிற்று. பிரித்தானியாவின் வெவ்வேறு நகரங்களில் இருந்த இத்தகைய கடைகள் ஒன்றுகூடித் தமக்கெனத் தனியானதொரு விநியோக வலையையும் அமைத்தன. 1980 ஜனவரியில் சுயாதீன வெளியீடுகளுக்கெனத் தனியானதொரு விற்பனைப் பட்டியல் தொடங்கியது. ஒரு தட்டு அப்பட்டியலில் இடம்பெற, அதன் ஓசை எப்படிப்பட்டது என்று எவரும் கேட்கவில்லை. அதனை விநியோகித்தவர் யார் என்பதையே கேட்டனர்.

இதனை எமது வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். எண்பதுகளில் ஐரோப்பிய நகரங்களுக்கு வந்து சேர்ந்த எம்மவர், கையாலும் தட்டச்சாலும் பக்கங்களை ஆக்கி, ஒளிநகல் எடுத்து, உணவகத்தில் கோப்பை கழுவிய சம்பளத்திலே தபாற்தலை வாங்கி அனுப்பிய சிற்றிதழ்களை நினைத்துப் பாருங்கள். இன்டி இசையின் பிறப்பும் ஏறக்குறைய அவ்வாறானதே. சந்தைக்கு வேண்டாத ஒன்றைச் சொல்ல விரும்பியவர், அதைச் சொல்வதற்கான கருவியைத் தாமே உருவாக்கிக்கொண்டனர்.

அயர்லாந்தாரின் பிள்ளைகள்

றஃப் ட்ரேட் வெளியிட்ட தொகுப்புகளிற் பெரும் புகழ் பெற்றவை ‘த ஸ்மித்ஸ்’ என்னும் மன்செஸ்ரர் குழுவினுடையவை. 1982இல் தொடங்கி 1987இற் கலைந்த இக்குழுவின் நால்வரும் அயர்லாந்துக் குடும்பப் பின்னணி உடையவர்கள். கிற்றார் வாசித்த ஜொனி மாரின் பெற்றோர் அயர்லாந்தின் கில்டெயார் மாவட்டத்திலிருந்தும், பாடகர் மொரிசியின் பெற்றோர் டப்ளினிலிருந்தும் வந்தவர்கள்.

1986 ஜூனில் வெளிவந்த ‘த குயின் இஸ் டெட்’ அவர்களின் மிகச் சிறந்த தொகுப்பு என்போம். 1984இல் வந்த முதற் தொகுப்பிற் பாடல்கள் நல்லனவாயினும் ஒலிப்பதிவு மங்கலானது. சன்னலை மூடிவிட்டு உள்ளேயிருந்து வாசிப்பது போன்றது. 1986இலோ சன்னல்கள் அனைத்தும் திறந்துவிட்டன. மாரின் கிற்றார் ஒரே வேளையில் மூன்று, நான்கு கிற்றார்கள் போல ஒலித்து, துயரமான சொற்களின் கீழே துள்ளி ஓடுகிறது. அழுகையையும் எள்ளலையும் ஒரே மூச்சில் வைக்கும் அந்த முறையைப் பின்னர் பலர் பின்பற்ற முயன்றனர், வென்றவர் சிலரே.

இத்தொகுப்பு எவ்வாறு தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். 1962ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றிலிருந்து எடுத்த, முதலாம் உலகப்போர்க் காலத்துப் பழைய பாடலொன்றின் துணுக்கு முதலில் ஒலிக்கிறது. தூர தேசத்திலிருக்கும் ஆங்கிலேயன், தன்னைத் தாய்நாட்டுக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்கும் பாடல் அது. அதை முன்வாசலில் வைத்தவர்களோ, தாய்நாடு வேறாக உள்ளவர்களின் பிள்ளைகள். தொகுப்பு முழுவதிலும் அயர்லாந்தை வெளிப்படையாகப் பேசும் பாடல் ஒன்றேனும் இல்லை. வீட்டின் கதை அந்த முதற் துணுக்கினுள் ஒளிந்து கிடக்கிறது. ஐ.ஆர்.ஏ.யின் குண்டுகள் இங்கிலாந்து நகரங்களில் வெடித்த அக்காலத்தில், அயர்லாந்துப் பெயரும் உச்சரிப்பும் உடையவர் சந்தேகக் கண்ணுடன் பார்க்கப்பட்டனர் என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்த மௌனம் புரியும்.

இதே மொரிசி 2019இல், இஸ்லாத்தை எதிர்த்த ‘ஃபோர் பிரிட்டன்’ என்னும் சிறு கட்சியின் சின்னத்தை அணிந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார். குடிபெயர்ந்தோரின் மகன் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தது இரசிகரான எமக்குக் கசப்பானதே. பாடலை வைத்துக்கொண்டு பாடகரின் அரசியலை விலக்கி வைப்பது எமக்கு இன்றும் எளிதாக இல்லை. ஆயினும் மாரின் கிற்றாரை எம்மால் விடவும் முடியவில்லை.

கடல் கடந்து, பொஸ்ரனுக்கு வருவோம். 1986இல் அங்கே உருவான ‘பிக்ஸீஸ்’ குழுவின் கிற்றார் கலைஞர் ஜோய் சன்ரியாகோ, பிலிப்பைன்ஸின் மணிலாவிற் பிறந்தவர். 1972இல் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தபோது அவரது குடும்பம் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தது. 1988இல் வெளிவந்த ‘சேர்ஃபர் றோசா’வை ஒலிப்பதிவு செய்தவர் ஸ்ரீவ் அல்பினி. 2024இற் காலமான அவர், தாம் பதிவு செய்த தட்டுகளின் விற்பனையிற் பங்கு கேட்பதில்லை என்னும் கொள்கையுடையவர். இத்தொகுப்புக்கு ஒரே தொகையாக 1500 டொலர்களை மட்டும் பெற்றுக்கொண்டார்.

மெதுவாகத் தொடங்கித் திடீரெனப் பேரொலியாக வெடித்து மறுபடி அடங்கும் பிக்ஸீஸின் பாணி, தொண்ணூறுகளின் றொக் இசை முழுவதையும் மாற்றியது. 1989இல் வந்த ‘டூலிற்றில்’ இன்னும் செப்பமானது. புதிதாகக் கேட்போருக்கு அதையே பரிந்துரைப்போம். ஆனால் எமது நெஞ்சு ‘சேர்ஃபர் றோசா’வின் பக்கமே. அதில் முரசின் ஓசை வெறும் அறையொன்றின் சுவரில் மோதித் திரும்புவது போலக் கேட்கும். சன்ரியாகோ மணிலாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இசையின் ஒழுங்குக்குள் அடங்க மறுத்து இடையிடையே கீறிச் செல்லும் அந்தக் கிற்றாரில், எதையோ சொல்ல மறுக்கும் பிடிவாதம் ஒன்றை மட்டும் நாம் கேட்கிறோம்.

கடைக்காரன் என்ற ஏச்சிலிருந்து ஒரு பெயர்

மௌனம் உடைந்த இடம் எது என்று கேட்டால் ‘கோர்ணர்ஷொப்’ என்போம். பஞ்சாபிக் குடும்பத்தில் வந்த ஜின்டர் சிங் முதலானோர் 1991இல் இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரில் தொடங்கிய குழு இது. தெருமுனைக் கடை வைத்திருப்பவர் என்று ஆசியரைக் கேலி செய்த சொல்லையே எடுத்துத் தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டனர். 1992இல், மொரிசி தேசியக் கொடியுடன் மேடையேறியதைக் கண்டித்து, அவரது படத்தைப் பகிரங்கமாக எரித்தனர். அயர்லாந்தாரின் மகனை நோக்கிப் பஞ்சாபியின் மகன் கேட்ட கேள்வி அது.

எதிர்ப்போடு நின்றிருந்தால் அவர்களை நாம் மறந்திருப்போம். 1997இல் வெளிவந்த ‘வென் ஐ வோஸ் போர்ண் ஃபோர் த செவன்த் ரைம்’ என்னும் தொகுப்பு, கோபத்தைக் கடந்து கொண்டாட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஆஷா போஸ்லேயையும் சிறிய 45 சுழற்சி இசைத்தட்டுகளையும் போற்றும் அதிலுள்ள பாடல், வேறொருவர் செய்த மீள்கலவையின் வடிவில், 1998 பெப்ரவரியில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலாமிடத்தை எட்டியது. பழைய இந்தித் திரையிசை ஒலித்த வீட்டின் முன்னறை, ஆங்கிலேய நாட்டின் நடனக்கூடமெங்கும் கேட்டது. அதே தொகுப்பின் முடிவில், 1965இல் பீற்றில்ஸ் குழுவினர் சித்தார் சேர்த்துப் பாடிய ‘நோர்வீஜியன் வூட்’ பாடலைச் சிங் பஞ்சாபி மொழியிற் பாடுகிறார். இந்தியாவிலிருந்து இரவல் போன ஓசை வட்டியோடு வீடு திரும்பியது என்று இதனை இரசிக்கிறோம். தொகுப்பு சற்று நீண்டது. சொல்லற்ற சில இடைத்துண்டுகளை வெட்டியிருக்கலாம். ஆயினும் எமது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒருங்கே கேட்கக் கொடுக்கத்தக்க முதற் தட்டு இதுவே.

ஒளித்து வைத்தலுக்கும் வெளியே வைத்தலுக்கும் இடையிலான தயக்கத்தை ‘புளொக் பார்ட்டி’ என்னும் இலண்டன் குழுவிற் காணலாம். பாடகர் கெலே ஒகெரெகேயின் பெற்றோர் நைஜீரியர். 2005இல் ‘விச்சிற்றா’ என்னும் சிறு நிறுவனம் வெளியிட்ட ‘சைலன்ற் அலார்ம்’ வேகமும் கூர்மையும் மிக்க தொகுப்பு. முரசு ஒருபுறம் ஓட, இரு கிற்றார்கள் வாளோடு வாள் மோதுவது போல வாசிக்கின்றன. ஆனால் அதில் வீட்டின் கதை இல்லை. 2007இன் ‘எ வீக்கென்ட் இன் த சிற்றி’யிலோ, கொலையுண்ட கறுப்பின இளைஞன் ஒருவனை முன்னிறுத்தி, பிறந்த நாடே அந்நியமாவது பற்றி அவர் வெளிப்படையாகப் பாடினார். இசை என்ற அளவில் முதலாவதே மேலானது. துணிவு என்ற அளவில் இரண்டாவதே மேலானது.

எமது பெண் ஒருவர்

இவ்விடத்தில் வாசகர் பலருக்கு ‘மாயா’ என்ற பெயர் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தவரான மாதங்கி மாயா அருள்பிரகாசம், எண்பதுகளின் நடுப்பகுதியிற் சிறுமியாக இலண்டனுக்கு அகதியாக வந்தவர், எம்.ஐ.ஏ. என்பது அவரது மேடைப் பெயர். அவரது இசை றொக் வகையைச் சேர்ந்ததன்று. எனினும் அவரை வெளியிட்டது ‘எக்ஸ்.எல்.’ என்னும் சுயாதீன நிறுவனமே. 2005இன் ‘அருளர்’ தந்தையின் இயக்கப் பெயரையும், 2007இன் ‘கலா’ தாயின் பெயரையும் தாங்கி வந்தன. ‘கலா’வில் உறுமியின் ஓசை ஒலிக்கிறது; பிரித்தானிய பங்க் இசையின் முன்னோடிகளான ‘த கிளாஷ்’ குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் கிற்றார் இழையும் அதிலுள்ளது. அந்தப் பழைய பாடலும் குடிபெயர்ந்தோரைப் பற்றியதே. அவரது பிற்காலக் கருத்துகள் பலவற்றோடு நாம் உடன்படுவதில்லை. ஆனால் பெற்றோரின் பெயர்களைத் தட்டின் முகப்பிற் பொறித்த அந்தச் செயல், பின்வந்தோருக்கு ஒரு கதவைத் திறந்தது.

தாயின் குரல்

2016ஆம் ஆண்டு வெளிவந்த இரு தொகுப்புகள் எம்மைப் பெரிதும் தொட்டன. ஒன்று மிற்ஸ்கியின் ‘பியூபேர்ட்டி 2’. ஜப்பானியத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்து, நாடு நாடாக வளர்ந்தவர் இவர். அமெரிக்க இளைஞன் ஒருவனை விரும்பும் பெண், அவன் வளர்ந்த விதத்துக்கும் தான் வளர்ந்த விதத்துக்கும் இடையிலான தூரத்தை உணர்ந்து விலகுவதை ஒரு பாடல் சொல்கிறது. தன் தாய் தன்னை வளர்த்த முறையை அவள் குறையாகக் கருதவில்லை என்பதே அப்பாடலின் உயிர். மெல்லிய குரல் நடுவில் வந்ததும் கிற்றார்கள் மடை திறந்தாற்போற் பாய்கின்றன. எமது வீடுகளில் இந்தப் பாடலை எத்தனை மகள்மார் தனித்திருந்து கேட்டிருப்பர் என்று நாம் எண்ணுவதுண்டு. 2023இல் வந்த அவரது தொகுப்பு வாத்தியக்குழுவின் துணையுடன் அமைதியாக நடக்கிறது. அழகு கூடியிருக்கிறது, ஆபத்துக் குறைந்திருக்கிறது.

மற்றையது, ‘ஜப்பனீஸ் பிறேக்ஃபஸ்ற்’ என்னும் பெயரில் மிஷெல் சோனர் வெளியிட்ட ‘சைக்கோபொம்ப்’. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். இவரது தாய் கொரியர். 2014இற் புற்றுநோயால் தாய் இறந்தபின், அத்துயரினூடே ஆக்கப்பட்ட தட்டு இது. முகப்பிலே தாயின் பழைய படம் இருக்கிறது. தலைப்பு, இறந்தோரின் உயிரை வழிநடத்திச் செல்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அரை மணித்தியாலத்துக்கும் குறைவாகவே ஓடும் இத்தொகுப்பில் வீண் என்று சொல்ல ஒரு கணமும் இல்லை. தாயுடன் மொழியும் போய்விடுமோ என்ற அச்சத்தை 2021இல் வெளிவந்த தமது நினைவு நூலில் எழுதிய சோனர், 2024இல் தென்கொரியாவிற் சென்று தங்கி மொழியைக் கற்றார். 2025 மார்ச்சில் வந்த ‘ஃபோர் மெலங்கொலி புறுனெற்ஸ்’ தொகுப்பு, பெரிய ஒலிப்பதிவுக்கூடத்தின் மெருகுடன் மின்னுகிறது. அதை மதிக்கிறோம், ஆனால் இரவில் எடுத்துக் கேட்பது 2016இன் தட்டையே.

கல்லறையில் எழுத மறுக்கப்பட்ட மொழி

தொடங்கிய இடத்துக்கே, அயர்லாந்தாரிடமே, மீண்டும் வருகிறோம். டப்ளினில் உருவாகி இலண்டனுக்குக் குடிபெயர்ந்த ‘ஃபொன்ரெய்ன்ஸ் டி.சி.’ குழுவினரின் ‘ஸ்கின்ரி ஃபியா’ 2022 ஏப்ரலில் வெளிவந்தது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் முதலாமிடத்தைப் பெற்றது. தலைப்பே ஐரிஷ் மொழியில் வழங்கும் ஒரு பழைய சாபச் சொல். முதற் பாடலின் தலைப்பும் ஐரிஷ் மொழியிலேயே உள்ளது: ‘எமது நெஞ்சங்களில் என்றென்றும்’ என்பது அதன் பொருள்.

அத்தலைப்பின் பின்னால் ஒரு வழக்கு உண்டு. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் வாழ்ந்து மறைந்த அயர்லாந்துப் பெண்மணி ஒருவரின் கல்லறையில் இந்தச் சொற்களைப் பொறிக்க அவரது பிள்ளைகள் விரும்பினர். மொழிபெயர்ப்பின்றி ஐரிஷ் மொழியில் எழுதினால் அது அரசியற் சுலோகமாகக் கருதப்படலாம் என்று கூறி, 2020இல் ஆங்கிலத் திருச்சபையின் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. குடும்பத்தினர் மேன்முறையீடு செய்தனர். 2021இல் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. தாயின் கல்லறையிலே தாய்மொழியை எழுதுவதற்கு வழக்காட நேர்ந்த அந்தக் கதையையே இக்குழுவினர் தமது தட்டின் வாசலில் வைத்தனர். தேவாலயக் கூட்டுப்பாடல் போல ஐரிஷ் சொற்கள் திரும்பத் திரும்ப ஒலிக்க, மெல்ல மெல்ல முரசு எழுகிறது. 1986இல் ஸ்மித்ஸின் வாசலில் ஒளிந்து நின்ற வீடு, 36 ஆண்டுகளின் பின் தன் மொழியிலேயே பெயர் சொல்லி நிற்கிறது. எமக்கு அண்மைக் காலத்தின் தலைசிறந்த இன்டி தொகுப்பு இதுவே.

புதியவற்றில் எல்லாமே நன்று என்று சொல்வதற்கில்லை. வெளிப்படையாகப் பேசும் உரிமை வந்ததும், சொல்லாமல் விடும் கலை சிலரிடம் குன்றிவிட்டது. பிழைப்பும் கடினமாகிவிட்டது. 1977இல் 1000 பிரதிகள் ஒரு குழுவை நிலைநிறுத்தப் போதுமாயிருந்தன. 2024 முதலோ, ஓராண்டில் 1000 தடவைகளுக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாடலுக்கு ‘ஸ்பொற்றிஃபை’ உரிமைத்தொகை எதுவும் கொடுப்பதில்லை. ஆகவே பிள்ளைகளுக்குப் பிடித்த சிறு குழுவின் தட்டைக் காசு கொடுத்து வாங்கிக் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

பெற்றோரிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. இவ்விசை உங்கள் பிள்ளையை உங்களிடமிருந்து கொண்டுபோய்விடும் என அஞ்ச வேண்டாம். இதனை ஆக்கியோரிற் பலர் தமது வீட்டின் மொழியைத் தேடித் திரும்பி வந்தவர்கள். எமது தமிழ்ப் பாடசாலைகளின் ஆண்டு விழாக்களிற் பரதநாட்டியத்துக்கும் திரையிசைக்கும் மேடை உண்டு. அடுத்த விழாவில், கிற்றார் ஏந்தித் தாமே எழுதிய பாடலுடன் வரும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அவர்களின் தமிழ் பிழையாக இருக்கலாம். பாடல் பாதி ஆங்கிலத்தில் இருக்கலாம். பாடி முடியும்வரை இருந்து கேளுங்கள்.